கோர்ஸ் சரிவில் இன்னொரு டேங்க்

மொய்ரா இன்னும் மருந்தடிக்காத புதர் நீலமாக இருந்தது.

எங்கே அடித்தோம், எங்கே விட்டோம் என்று தெரிவதற்காகத்தான் களைக்கொல்லியில் நீலச் சாயம் கலப்பது. நேற்று அவள் நிறுத்திய இடம் கீழே, கம்பிவேலியோரம். இதுவோ ஏறவே மூச்சு முட்டும் மேல்சரிவு. தொட்டுப் பார்த்தாள். ஈரம் காயவில்லை.

"ஹேமி! என் சரிவுல வந்து மருந்தடிச்சியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மடக்கிக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணைக்காரன் சிரித்தான். "என் புதருக்கு அடிக்கவே எனக்கு முதுகு வளையல. உன் புதருக்கா வருவேன்?" பிறகு சிரிப்பு நின்றது. "போதும் மொய்ரா. நாயை விட்டுத் தேடியாச்சு, ஹெலிகாப்டர்ல தேடியாச்சு. பண்ணையைக் குடுத்துட்டு டனீடின்ல உன் தங்கச்சிகிட்ட போயிடு."

"போய் உன் ஆட்டைப் பாரு. அலஸ்டரோட ஒரு எலும்பையாவது எடுக்காம நான் இந்த மலையை விட்டு இறங்க மாட்டேன். இது முள்ளுன்னா நான் அதைவிட முள்ளு!"

போன கோடையில் மருந்தடிக்கும் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு இதே சரிவுக்குப் போனவர்தான் அவள் புருஷன் அலஸ்டர். ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்த கோர்ஸ் முள் அவரை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. அதற்குத்தான் இந்த மருந்து. புல்லை ஒன்றும் செய்யாது. அகல இலைக் களையையும் முள்புதரையும் முறுக்கிச் சாகடிக்கும். முள் கருகி விழுந்தால் மனுஷன் கிடக்கிற இடம் தெரிந்துதானே ஆகவேண்டும்?

உச்சி வெயிலில் காய்ந்த நெற்றுகள் பட்பட்டென்று வெடிக்க, விதைகள் தொப்பியில் வந்து தெறிக்க, ஆடுகள் நுழைந்து நுழைந்து உண்டான முள்குகைக்குள் குனிந்தபடி அவள் நீலத்தைப் பின்தொடர்ந்தாள். கோர்ஸ் பூவுக்குத் தேங்காய் வாசம் உண்டு, ஆனால் பூவே இல்லாத இந்த மாதத்தில் சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. உள்ளே போகப் போக நெற்றுச் சத்தம் தேய்ந்தது. வேறொரு சத்தம் கேட்டது.

கிரீச். டொக். கிரீச். டொக்.

டேங்க்கின் கைப்பிடியை அடிக்கும் சத்தம். அவள் முதுகிலும் ஒரு டேங்க் இருந்தது, ஆனால் அவள் கை அசையவில்லை.

பயம் வந்தது. வராமல் இருக்குமா? கால் திரும்பு திரும்பு என்றது. "சும்மா கிட, கழுதை" என்று காலைத் திட்டிவிட்டு ஊர்ந்தாள்.

புதர் நடுவில் அலஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

அதே சட்டை. விலாவில் நுழைந்து தோள்வழியே வெளியேறிய கிளைகள். கண் இருந்த இடத்தில் முள். இடது கை கைப்பிடியை அடித்துக்கொண்டேயிருந்தது.

"அலஸ்டர்! நான்தான், மொய்ரா."

தலை திரும்பியது. ஒரு கணம் அவளை நிதானித்தது. புல்லா, புல் இல்லையா?

குழாய் உயர்ந்தது. முகத்தில் குளிர்ந்த தூறல். உதடு எரிந்தது.

அவள் பின்வாங்கவில்லை. "என் மேலயே அடிக்கிறியா? அடி, நல்லா அடி! இத்தனை வருஷம் உன் குறட்டையைத் தாங்கினவளுக்கு இது எம்மாத்திரம்? நட வீட்டுக்கு!"

அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

வந்தார். ஓரடி. அவர் காலடியில் மண் பிளந்து வேர் எழுந்தது. இழுத்தாள். வேர் நீண்டது. புல்லைக் கிழித்துக்கொண்டு அவள் பக்கமாகவே வந்தது. இன்னும் இழுத்தாள். அவள் கணுக்காலுக்குள் ஏதோ சுண்டியது.

குனிந்து பார்த்தாள்.

வேரின் மறுமுனை அவள் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு பாதத்திலிருந்து முளைத்திருந்தது.

உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு மொய்ரா இன்னொரு முறை இழுத்தாள்.