தொட்டிலைப் பார்த்து நீண்ட கை

அன்று விடிந்ததும் மாமியார் தொட்டிலைத் தன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது மருமகள் கூடத்து நாற்காலியில் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். தினமும் எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அது. வலது கை அசையாமல் நிற்கும். இடது கைதான் அடங்காது. சுண்டுவிரல் மெல்ல எழும். பிறகு பக்கத்து விரல். இருட்டில் சுவரைத் தடவுவதுபோல ஐந்தும் ஒவ்வொன்றாக நகர்ந்து எதையோ தேடும். அவளுக்கு அது தெரியவே தெரியாது. கண்ணைத் திறந்தால் நின்றுவிடும்.

அந்தக் கை தேடிய திசையில் தொட்டில் இருந்ததுதான் வம்பாகிப்போனது.

"என் கண்ணால பார்த்தேன்டா," என்று மாமியார் மகனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "முகத்துல ஒண்ணுமே இல்ல. கை மட்டும் நெளிஞ்சு நெளிஞ்சு குழந்தையைக் கூப்பிடுது. நேத்து அடுப்புல கை வெந்து வாடை வருது... இவ நின்னு பேசிட்டிருக்கா. 'அத்தை, என்னமோ தீயுதே'ன்னு என்னையே கேக்கறா. அது அவ கையே இல்லடா."

குழந்தை நாத்தனாருடையது. வீட்டில் எல்லோருக்கும் அவள் இன்னமும் குட்டிதான். மார்பில் கட்டி என்று தெரிந்ததும் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணிக்கு வந்த அதே நோய், அண்ணிக்கு ஏற்றிய அதே மருந்து. நாளைக்கு ஆரம்பம். அண்ணி பிழைத்துவிட்டாள். ஆனால் மருந்து முடிந்ததிலிருந்து அவள் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள்.

குட்டி அண்ணியின் எதிரில் வந்து நின்றாள். "அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. இனிமே பாப்பாவை நீங்க தூக்க வேணாம்."

இங்கே வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டியவள் அவள். தனக்கென்று ஒன்று வாய்க்காத மடியில் போட்டு ஆட்டியவள். கட்டுப்போட்ட இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அப்படி உன் கைக்கு என்னதான் ஆச்சு? வாயைத் திறந்து சொல்லேன்," என்றான் கணவன்.

"சொல்லக்கூடாதுங்க... மத்தியானம் ஒருத்தங்க வருவாங்க. அவங்க சரின்னா சொல்றேன்."

அந்தப் பதில் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. "யாரு வரப்போறது? யாரைக் கேட்டுடி நீ பேசுவே?" என்று மாமியார் நடுங்கினாள்.

கணவன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுல இரு."

அவள் ஒரு கையாலேயே பையில் துணிகளை அடுக்கினாள்.

மத்தியானம் வந்தது ஆஸ்பத்திரி நர்ஸ். நரம்பு கெடாமல் தடுக்கிற ஆராய்ச்சியில் வேலை பார்ப்பவள். வாசலில் பையையும் அழுத முகங்களையும் பார்த்துவிட்டு, "அக்கா, ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு. இனிமே சொல்லலாம்," என்றாள். பிறகுதான் சந்தேகம் வந்தது. "சோதிக்கிற டாக்டருக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னுதானே சொன்னேன்... வீட்டுல கூடவா சொல்லல?"

"வீட்டுல சொன்னா எப்படியாவது டாக்டர் காதுக்குப் போயிடும்னு பயந்தேன்."

நர்ஸ் தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள். இந்த மருந்து சிலருக்கு விரல் நரம்பைத் தின்றுவிடும். மருந்து ஏறும்போது கையை உறைபனிக் கையுறைக்குள் வைத்தால் நரம்பு தப்பிக்குமா என்று பார்த்தார்கள். இவளுக்கு வலது கைக்கு உறை, இடது கை வெறுமனே; எந்தக் கைக்கு உறை என்பது சோதிக்கிற டாக்டருக்குத் தெரியக்கூடாது. நரம்பு கெட்ட கை, கண்ணை மூடினால் தான் இருக்கும் இடமே தெரியாமல் இப்படித்தான் தானாக நகரும். காலையில் கையை நீட்டி உட்காரச் சொன்னதும் அவர்கள்தான்.

"மரத்துப்போக ஆரம்பிச்சப்பவே சொன்னேன், விலகிக்குங்க, ரெண்டு கைக்கும் போட்டுக்கலாம்னு. கெஞ்சினேன். கேக்கல."

"ஏன்டி?" என்றான் கணவன்.

"அன்னிக்குத்தான் குட்டிக்குக் கட்டின்னு தெரிஞ்சுது. ஆஸ்பத்திரியில உறையைப் போட்டுப் பார்த்துட்டு, குளிர் தாங்க முடியலன்னு இவ வீசிட்டா. டாக்டர் சொன்னா கேக்கற ஜென்மமா இவ? நான் ரெண்டு கையையும் காப்பாத்திக்கிட்டா, உறையாலதான் தப்பிச்சுதுன்னு எதை வெச்சு இவளுக்குக் காட்டுவேன்? எனக்கென்ன... இவளுக்குப் பிள்ளை இருக்கு. பிள்ளையைத் தொட்டா கைக்குத் தெரிய வேணாமா?"

"இவங்களது மட்டும் இல்ல," என்றாள் நர்ஸ். "எல்லாரோடதும் சேர்த்துப் பார்த்தாச்சு. உறை போட்ட கைதான் தாக்குப்பிடிச்சிருக்கு."

குட்டி தரையில் உட்கார்ந்தாள். அண்ணியைக் கண் மூடச் சொன்னாள். வலது விரலை ஒரு நூலால் தொட்டாள். "ம்," என்றாள் அண்ணி. இடது விரலை மெல்லக் கிள்ளினாள். பதில் இல்லை. நகம் பதியக் கிள்ளினாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா குட்டி?" என்று அண்ணி கண்ணை மூடியபடியே கேட்டாள்.

குட்டி அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். "போட்டுக்கறேன் அண்ணி... ரெண்டு கைக்கும் போட்டுக்கறேன்."

"இது திரும்ப வருமாம்மா?" என்று மாமியார் நர்ஸைக் கேட்டாள்.

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம்."

மாமியார் எழுந்து உள்ளே போனாள். தொட்டில் மறுபடி கூடத்துக்கு வந்த சத்தம் கேட்டது. யாரோ மருமகளின் மடியில் எதையோ வைத்தார்கள். வலது கை உடனே தெரிந்துகொண்டு அணைத்தது. கண்ணைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அத்தை, இடது கை என்ன பண்ணுது? குழந்தைகிட்ட போகுதா?"

"போச்சும்மா." மாமியார் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப நின்னுடுச்சு... பாப்பா உன் விரலைப் பிடிச்சுட்டிருக்கா. பாரு."

பார்த்தால்தான் அவளுக்கு அது கிடைக்கும். கண்ணைத் திறந்து பார்த்தாள்.