நகப்பூச்சு முத்திரை

காலை 9.40. ஆணையத்தின் பதிவறையில் பரிசோதகர் தன் கையடக்கக் கருவியை டப்பாவின் மேல் வைத்தார். திரையில் பூஜ்யம். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். மறுபடியும் பூஜ்யம்.

"பாதரசம் இல்லம்மா. சுத்தமான க்ரீம்."

அழகுநிலையச் சங்கத்தின் செயலாளர் திரையை எட்டிப் பார்த்தாள். போன வாரம் லேபில் இதே கருவியை மூடிய டப்பாவின் மேல் வைத்தபோது எண் எகிறியது. பரிசோதகரே வாயைப் பிளந்தார்.

க்ரீமைத் தயாரித்த நிறுவனம் அந்தத் தொகுப்பு டப்பாக்களைக் கடைகளிலிருந்து ஓசைப்படாமல் அள்ளிவிட்டிருந்தது. மிஞ்சியது செயலாளரின் அக்கா பிரிக்காமல் வைத்திருந்த ஒரே டப்பா. அதற்கு முந்தைய நான்கையும் அக்கா முகத்தில் பூசித் தீர்த்திருந்தாள். முகம் வெளுத்தது, சிறுநீரகம் போனது. இப்போது வாரம் மூன்று நாள் இயந்திரம்தான் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது.

பதினொரு மணிக்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் விசாரணை. பரிசோதனைச் சான்றும் சேர்மானப் பட்டியலும் இல்லாமல் எந்த முகப்பூச்சும் விற்கக் கூடாது, அழகுநிலையங்களையும் பதிவு செய்து வருஷா வருஷம் சோதிக்க வேண்டும் என்பது மனு. எங்களையும் சோதியுங்கள் என்று மூன்று வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கும் சங்கத்தைப் பார்த்து ஆணையத்து ஊழியர்களே சிரிப்பார்கள். டப்பா இல்லையென்றால் மனு இன்றே தள்ளுபடி. பொய்ச் சான்று கொண்டுவந்ததாக எதிர்வழக்கும் வரும்.

"கண்டுபிடிச்சுக் குடுங்க ஏட்டம்மா," என்று வாசல் காவலில் இருந்த பெண் ஏட்டின் கையைப் பிடித்தாள் செயலாளர். "உங்க காலப் பிடிக்கிறேன்."

"காலெல்லாம் வேணாம், ஏற்கெனவே மூட்டுவலி. இதுல யார் யார் கை வெச்சாங்க? அவங்களக் கூப்பிடு."

9.55. வராந்தா பெஞ்சில் நான்கு பேர். செயலாளர், வக்கீல், சங்கப் பொருளாளர், அத்தான். அத்தான் என்றால் அக்காவின் கணவர். வாடகை வேன் ஓட்டுகிறவர். மூன்று நாள் சவரம் செய்யாத முகம்.

"சீல் வெச்சது எப்போ?"

"நேத்து சாயங்காலம் ஆறரைக்கு," என்றாள் செயலாளர். "லேப்ல இருந்து வாங்கி நேரா பொருளாளர் அக்கா பார்லருக்குக் கொண்டுபோனோம். அரக்கு இல்ல. எங்ககிட்ட என்ன இருக்கு, நகப்பூச்சுதான். மூடியும் டப்பாவும் சேர்ற இடத்துல சிவப்பு ஜெல் பாலிஷ் பூசி, நீல விளக்குல காட்டிக் காய வெச்சேன். பொருளாளர் அக்காவும் வக்கீல் சாரும் கூடவே நின்னாங்க."

"இவரு?"

"ஆஸ்பத்திரியில இருந்தேன்," என்றார் அத்தான். "அவளுக்கு நேத்து மெஷின் நாள்."

"ராத்திரி எங்க இருந்துச்சு?"

"என் பார்லர் பீரோவுல, ஒரு தகரப் பெட்டியில," என்றார் பொருளாளர். "பீரோ சாவி என் இடுப்புல. காலையில எட்டு மணிக்கு எடுத்து இவரு வேன்ல வெச்சேன். அப்புறம் நான் பஸ்ல வந்தேன்."

"பெட்டிக்குப் பூட்டு?"

"இல்ல. சீல்தான் இருக்கேன்னு விட்டுட்டோம்."

"வேன் எட்டுல இருந்து?"

"வக்கீல் ஆபீஸ் வாசல்ல நின்னேன். ஒன்பது பத்துக்கு இவங்க ரெண்டு பேரும் ஏறினாங்க," என்றார் அத்தான்.

"நாங்க ஏழு மணியில இருந்து மேல பேப்பர் பார்த்துட்டு இருந்தோம்," என்றார் வக்கீல். "என் குமாஸ்தாவைக் கேளுங்க."

ஏட்டம்மா பொருளாளர் பக்கம் திரும்பினார். "இந்தக் க்ரீமை நீங்களும் வித்திருக்கீங்களாமே?"

பொருளாளரின் கழுத்து சிவந்தது. "வித்தேன். போன வருஷம் வரைக்கும். அதனால திருடின்னு எழுதிடுவீங்களா? ரிஜிஸ்டர் பண்ணணும்கிற பிரிவு வேணாம்னு சங்கத்துல சண்டை போட்டது நான்தான். இவளக் கேளுங்க. மூஞ்சிக்கு நேரா சண்டை போடுவேன், முதுகுக்குப் பின்னாடி டப்பா மாத்த மாட்டேன்."

செயலாளர் தலையைத் தூக்கவில்லை. பொருளாளர்தான் என்று அவள் பத்து நிமிஷம் முன்பே முடிவு கட்டியிருந்தாள்.

10.20. ஏட்டம்மா டப்பாவை மூக்கருகே வைத்துக்கொண்டார். "ஏம்மா, காலையில இங்க பெட்டியத் திறந்தப்போ நான் என்ன சொன்னேன்?"

"கேஸுக்கு வந்தீங்களா, நகம் பூச வந்தீங்களான்னு கேட்டீங்க."

"ஏன் கேட்டேன்? வாசல் வரைக்கும் குப்புன்னு வந்துச்சு. உங்க மூணு பேருக்கும் ஒண்ணும் தெரியல. நீங்க ரெண்டு பேரும் நாள் பூரா அதுலயே கிடக்கிறவங்க. வக்கீல் சாருக்கு ஜலதோஷம். ஜெல்லு இப்படித்தான் நாறுமா?"

செயலாளர் நிமிர்ந்தாள். ஜெல்லுக்கு அவ்வளவு நெடி கிடையாது. விளக்கில் காய்ந்துவிட்டால் கொஞ்சமும் கிடையாது. டப்பாவைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முத்திரை உடைந்திருக்கிறதா என்றுதான் காலையில் பார்த்தாள். எதனால் ஆன முத்திரை என்று பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் ரிமூவரை எடுத்துப் பஞ்சில் நனைத்து, ஓரத்தில் ஒரே ஒரு இழுப்பு. பஞ்சு சிவந்தது.

"ஜெல் இப்படி வராது," என்றார் பொருளாளர் மெதுவாக. "பத்து நிமிஷம் ஊற வெச்சுச் சுரண்டணும். இது கடையில விக்கிற சாதா பாலிஷ்."

10.35. "அப்போ கேளுங்க," என்றார் ஏட்டம்மா. "இன்னும் நெடி போகலைன்னா பூசினது இன்னைக்குக் காலையில. அந்நேரம் டப்பா ரெண்டு பேர் கையிலதான் இருந்துச்சு. ஒருத்தங்க சீல் வெச்சப்போ பக்கத்துல நின்னவங்க. ஜெல்லும் விளக்கும் அவங்க மேஜையிலயே இருக்கு. அவங்க மாத்தியிருந்தா ரெண்டு நிமிஷம் விளக்குல காட்டியிருப்பாங்க. எவனாலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. இன்னொருத்தர் சீல் வெச்சதப் பார்க்கல. பெட்டிக்குள்ள சிவப்பா ஏதோ தெரிஞ்சுது. பொம்பளைங்க நகத்துல பூசுறதுன்னு நினைச்சார். வீட்டுல இருந்து பாலிஷ் பாட்டிலை எடுத்துட்டு வந்திருக்கணும். அப்படின்னா நேத்தே ஒருதரம் பெட்டியத் திறந்து பார்த்திருக்கார். எப்போ?"

அத்தான் தரையைப் பார்த்தார். "ராத்திரி எட்டு மணிக்கு. ஆஸ்பத்திரியில இருந்து திரும்புறப்போ. பீரோவுல வைக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவ பார்க்கணும்னு இவங்ககிட்ட கேட்டேன். என் பொண்டாட்டியச் சாப்பிட்டது எதுன்னு பார்க்கணும்னேன். காட்டினாங்க."

"ஐயோ," என்றார் பொருளாளர். "அழுதாரேன்னு காட்டினேன்."

செயலாளர் அத்தானின் சட்டையைப் பிடித்தாள். "அத்தான், எவ்வளவு குடுத்தாங்க?"

"காசு இல்லடி. கிட்னி. ஆபரேஷன் அவங்க செலவு, வரிசையில முதல் இடம், எல்லாம் எழுதித் தரேன்னு கம்பெனி ஆள் மாத்து டப்பாவையும் குடுத்தான். பன்னெண்டு மணிக்குப் பழைய டப்பாவைக் கொண்டாந்தா கையெழுத்து. உனக்குச் சட்டம் வேணும். எனக்கு அவ வேணும். தப்பா?"

ஏட்டம்மா கையை நீட்டினார். அத்தான் வேட்டி மடிப்பிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார். முத்திரையைப் பெயர்க்கப் பார்த்ததில், மூடியோரத்தில் ஜெல் பாதி சுரண்டப்பட்டிருந்தது.

10.48. பரிசோதகர் கருவியை வைத்தார். எண் எகிறியது.

"பிரயோஜனமில்ல," என்றார் வக்கீல். "சீல் போயிடுச்சு. நாமளே பாதரசம் கலந்தோம்னு அவங்க சொல்லுவாங்க. இது அதே டப்பாதான்னு சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கார்."

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தால் ஆபரேஷன் போகும், அவரும் உள்ளே போவார். செயலாளர் சட்டையை விட்டாள். கெஞ்ச வாய் வரவில்லை. சொல்லுங்கள் என்றால் அக்காவைக் கொல்கிறாள். சொல்ல வேண்டாம் என்றால், முகம் வெளுக்க இன்றைக்கு டப்பா வாங்கப்போகும் எவளோ ஒருத்தியை.

"அவகிட்ட யாரு சொல்றது?" என்றார் அத்தான்.

"நான் சொல்றேன் அத்தான்."

"திட்டுவா."

"என்னையும் திட்டுவா."

11.00. ஊழியர் மனு எண்ணைக் கூவினார். அத்தான் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் உள்ளே போனார். எதிர்வரிசையில் இருந்த கம்பெனி ஆள் அவரைக் கண்டதும் பாதி எழுந்து, அப்படியே நின்றான்.

ஆணையத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க யாரு? மனுதாரரா?"

"இல்லீங்க," என்றார் அத்தான். "டப்பாவை மாத்தினவன்."