வில்லையில் இல்லாதது

ஜெபக்கனி பல் தேய்த்தாள், தலையை வாரிப் பின்னிக்கொண்டாள், வலது காதுக்குப் பின்னால் இருந்த துளையைப் பஞ்சால் துடைத்தாள், பிறகு செவிலியானாள்.

அதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. பொட்டு அளவே இருக்கும் தேர்ச்சி வில்லையைத் துளையில் வைத்து விரலால் அழுத்தினால் போதும். பிடரியில் சிறு குளிர்ச்சி பரவும். கைகள் இரண்டும் தாமாகவே ஒருமுறை விரிந்து மடங்கும். அதன்பின் நரம்பைத் தேடிப் பிடிப்பதும், புண்ணைக் கட்டுவதும், படுத்திருப்பவரை வலிக்காமல் புரட்டுவதும் அவள் யோசிக்காமலேயே நடக்கும். புதுக்கரையில் பதினான்கு வயது நிறைந்த எல்லோரும் காலையில் இப்படித்தான் ஏதோ ஒன்றானார்கள். எதிர் அறைப் பெண் சமையல்காரியானாள். பக்கத்து அறைப் பையன் காற்றுக்குழாய்ப் பணியாளன் ஆனான். பாதி நாள் தொழில், பாதி நாள் பள்ளி. மாலையில் வில்லையைக் கழற்றிச் சிமிழில் போட்டுவிட்டால் பழையபடி யாரோ ஒருவர்.

சனிக் கோளின் நிலாக்களில் ஒன்றின்மேல் கவிழ்த்துவைத்த கும்பா போன்ற ஊர் புதுக்கரை. முதல் கப்பலில் வந்தவர்கள் தாமிரபரணிக் கரைக்காரர்கள். ஆறு அவர்களோடு வரவில்லை, பேச்சு வந்துவிட்டது.

வில்லைகளும் அந்தக் கப்பலில்தான் வந்தன. அவற்றை நகல் எடுக்க முடியாது. ஆகவே யாருக்கு எது என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். மனிதர்கள் தீர்மானித்தால் சொந்தம், சாதி, ஆண், பெண் என்று பார்ப்பார்கள் என்பதால் அந்த வேலையை ஒதுக்கி என்னும் பொறியிடம் விட்டிருந்தார்கள். ஒதுக்கிக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, பெற்றோர் தெரியாது. ஒரு பெட்டிக்குள் பிள்ளை இரண்டு கைகளையும் நீட்டும். அந்தக் கைகளுக்கு என்ன பழகியிருக்கிறது என்று மட்டும் ஒதுக்கி பார்க்கும். இருந்தும் செவிலி வில்லைகள் எல்லாம் பெண்பிள்ளைகளுக்கே போயின, சுவர் வில்லைகள் எல்லாம் ஆண்பிள்ளைகளுக்கே போயின. ஒதுக்கி பாரபட்சம் பார்க்கவில்லை. அது கைகளைத்தான் பார்த்தது. கைகள் வீட்டிலிருந்து வந்தன.

ஜெபக்கனி தன் தம்பியை இடுப்பில் வைத்தே வளர்ந்தவள். ஒதுக்கி அவள் கைகளைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை.

அவளுடைய அப்பா தொபியாஸ் சுவர்க்காரர். ஊரின் வெளிச்சுவரில் குளிரால் ஓயாமல் கீறல் விழும். கனத்த உடை அணிந்து வெளியே போய், பிசின் இழையால் கீறலை மூடிவிட்டு வருவார்கள் சுவர்க்காரர்கள். சிறு கீறலை விட்டுவைத்தால் ஊரில் காற்று இருக்காது. ஆகவே புதுக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. சுவரிலிருந்து திரும்பியவர் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். மருத்துவமனையிலிருந்து வருபவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர்கள் வந்து தட்டை எடுத்துக்கொள்வார்கள்.

சுவர் வில்லையில் அச்சத் தணிப்பு இருக்கிறது, அதனால்தான் சுவர்க்காரர்கள் பயப்படுவதில்லை. செவிலி வில்லையில் துக்கத் தணிப்பு இருக்கிறது, அதனால்தான் செவிலிகள் அழுவதில்லை. நாளாக ஆக அந்தக் குணம் உடம்பில் ஊறிவிடும், வில்லையைக் கழற்றினாலும் போகாது. இது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தொபியாஸ் சுவரிலிருந்து விழுந்து, உடை கிழிந்து, மருத்துவமனைக்கு வந்தபோது பணியில் இருந்தவள் ஜெபக்கனி. அவளுடைய கைகள் குழாயைப் பொருத்தின, இரத்தத்தை நிறுத்தின, செய்யவேண்டிய எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தன. அப்பா ஒருமுறை கண்ணைத் திறந்து, "கனியாட்டி?" என்றார். "ஆமாப்பா" என்றாள். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தாள். சற்று நேரத்தில் அவர் போய்விட்டார். அவள் அவருடைய கண்களை மூடிவிட்டு, போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டு, அடுத்த படுக்கைக்காரருக்கு மருந்து மாற்றப் போனாள்.

மூத்த செவிலி அவள் தோளைத் தட்டி, "நல்ல வில்லைட்டி உனக்கு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து வில்லையைக் கழற்றிவிட்டு, அழுகை வரும் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. மறுநாளும் உட்கார்ந்து பார்த்தாள். அதன் பிறகு உட்காரவில்லை. ஆனால் ஓர் எண்ணம் மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது. இந்த வில்லையை மாற்றினால், ஊறியது மெல்ல வடிந்துபோகும். அப்போது அப்பாவுக்காக ஒருமுறை அழுதுவிடலாம்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் எதையுமே யாரிடமும் அதிகம் சொல்பவள் அல்ல.

பள்ளியின் கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் எழுந்து நின்று தன் தொழிலைப் பற்றி மனத்தில் பட்டதைப் பேச வேண்டும். அதற்குத் தொழிலுரை என்று பெயர். புளோரா டீச்சர் வழக்கம்போல, "எந்தத் தொழில யாரு வேணும்னாலும் செய்யலாம். ஆம்பள வேல, பொம்பள வேலங்கதெல்லாம் பூமியில. அத நாம அங்கயே விட்டுட்டு வந்தாச்சு" என்று தொடங்கிவைத்தார். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். சமையல்காரி ஒருத்தி பேசினாள். குழாய்ப் பணியாளன் ஒருவன் பேசினான். ஜெபக்கனியின் முறை வந்தது.

அவள் எழுந்து மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வில்லைய மாத்தணும் டீச்சர்."

"மாத்தி?"

"சுவருக்குப் போணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "செவுத்துல போயி யாருக்குட்டி ஊசி போடப்போற?" என்றான் ஒருவன்.

"ஏல, சும்மா இரி" என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டே.

சமையல்காரி தேவகிருபை எழுந்தாள். அவள் எப்போதும் நியாயம் பேசுபவள். "டீச்சர், இது சரியா? இவ கை பழகுறதுக்கு எத்தன பேரு ஊசிக் குத்து வாங்கியிருப்பாங்க. எங்க அம்மையே வாங்கியிருக்கா. ஊரு பழக்கிவிட்ட கை. அத இவ இஷ்டத்துக்குத் தூக்கிட்டுப் போனா, அது துரோகமில்லையா?"

"அப்பம் சாகுற வரைக்கும் ஒரே வேலதானா?" என்றது இன்னொரு குரல். "பிடிக்காத வேலையில இருந்துக்கிட்டு நோயாளிய மொறச்சுக்கிட்டு நிக்கறதுதான் பெரிய துரோகம்."

"இவ யாரையும் மொறைக்க மாட்டா. இவளுக்குத்தான் மூஞ்சியே கெடையாதே."

வகுப்பு சிரித்தது. ஜெபக்கனிக்கு அது வலிக்கவில்லை. உண்மைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

விதி ஒன்று இருந்தது. தொழிலை விடுபவர், அந்த வில்லையை ஏற்க ஒருவரைக் காட்டிவிட்டுத்தான் விட வேண்டும். அதை டீச்சர் நினைவூட்டினார். "ஒன் எடத்துக்கு யாரு வருவா? அதச் சொல்லு முதல்ல."

அப்போது கதவோரம் இருந்த இசக்கிராஜன் கையைத் தூக்கினான். தொபியாஸ் இறந்தபின் அவருடைய சுவர் வில்லை அவனுக்குத்தான் போயிருந்தது. ஊர் எழுந்து நிற்கும் பையன்.

"நான் வாறேன் டீச்சர்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"எதுக்குல?" என்றார் டீச்சர்.

"சும்மாதான்" என்றான் அவன்.

அன்று மாலை ஜெபக்கனியின் அம்மா எஸ்தர் கீரையை ஆய்ந்துகொண்டே, மகளைப் பார்க்காமல் பேசினார். "ஒங்கப்பா அந்தச் செவுத்துலதான் போனாரு. நீயும் போ. போயிட்டு வா. வராட்டாலும் ஒனக்கு ஒண்ணுமில்ல, கல்லு. எனக்குத்தான்."

"வந்துருவேம்மா."

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியாட்டி அவருக்கு?"

அதற்காகத்தான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வில்லை மாற்றுவதற்கு முன் கைகளின் பழைய பழக்கத்தைக் கழுவிவிடுவார்கள். கழுவியபின் சில நாட்களுக்குக் கைகள் மரத்துக் கிடக்கும். கஞ்சித் தம்ளரைக்கூட யாராவது பிடிக்க வேண்டும். ஜெபக்கனிக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மற்ற இடங்களைப் போலக் கையும் மரத்திருந்தது, அவ்வளவுதான்.

அப்பாவின் வில்லையைப் போட்டுக்கொண்டு முதல்முறை சுவருக்கு வெளியே வந்தபோது சனிக் கோள் வளையத்தோடு எதிரே நின்றது. மிகப் பெரியது என்று நினைத்தாள். கீழே பார்த்தாள். முழங்கால் இரண்டும் நடுங்கின. உடையில் இருக்கும் மோட்டாரின் அதிர்வு அது என்று முடிவுசெய்துகொண்டு கீறலை மூடப் போனாள். ஒவ்வொரு நாளும் மோட்டார் அதிர்ந்தது. பழுது பார்க்கச் சொல்லவில்லை. பெண்பிள்ளை வந்ததும் குறை சொல்கிறாள் என்பார்கள்.

முதல் நாள் உணவுக்கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு கொஞ்ச நாள் பாதி எழுந்தார்கள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, இடுப்பை மட்டும் உயர்த்தி உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு அதுவும் நின்றது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. சுவர் வேலை என்பது என்ன, ஓர் இழையை எடுத்து ஒரு கிழிசலை மூடுவது, வீட்டில் தையல் போடுவது மாதிரி, மெல்லிய விரல் இருந்தால் போதும், பெண்பிள்ளைகளுக்கு இயல்பாகவே வரும் என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டார்கள். சுவர்க்காரி என்ற சொல் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஒட்டுப்போடுற பிள்ளை என்றார்கள்.

மருத்துவமனையைப் பற்றியும் பேச்சு மாறியது. ஆளைத் தூக்கிப் புரட்டுவதற்கு உடம்பில் பலம் வேண்டாமா, அது லேசான வேலையா, இத்தனை நாள் நாம் அதை மதிக்கவே இல்லையே என்று வருத்தப்பட்டார்கள். இசக்கிராஜனுக்கு உட்கார ஒரு நல்ல நாற்காலி வந்தது. அவனை யாரும் செவிலி என்று கூப்பிடவில்லை. நலக்காவலர் என்று ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஒரு நாள் வடக்குச் சுவரில் பெரிய கீறல் விழுந்தது. ஜெபக்கனி போய் அதை மூடிவிட்டுத் திரும்பினாள். கூடத்துக்குள் வந்து வில்லையைக் கழற்றிச் சிமிழில் போட்டுக்கொண்டு, தட்டை எடுத்தாள். "என்னட்டி, தையல் முடிஞ்சுதா?" என்றார் புளோரா டீச்சர், அன்பாகத்தான். "முடிஞ்சுட்டு டீச்சர்." எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று இருந்தது.

அவள் உட்கார்ந்த சிறிது நேரத்தில் கதவு திறந்தது. இசக்கிராஜன் நின்றான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அன்று அவன் கையில் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவனுக்கு அது முதல் சாவு. ஊருக்குள் செய்தி அவனுக்கு முன்பே வந்துவிட்டது. பையன் இறந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதானாம்.

டீச்சர் எழுந்து நின்றார். தேவகிருபை எழுந்தாள். கூடம் முழுவதும் எழுந்து நின்றது. "என்னா மனசு பாத்தியா, ஆம்பளப் பிள்ளைக்கு" என்று யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஜெபக்கனியும் எழுந்து நின்றாள்.

அவன் கூச்சத்தோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கட்டா?" என்றான் மெதுவாக. "நான் அழுததும் பயந்துட்டேன். வில்ல பழுதுன்னு நெனச்சு, நேர பரிசோதனப் பொறிட்டக் கொண்டு போனேன். துக்கத் தணிப்பு வேல செய்யல, பாருன்னேன். அப்படி ஒரு பகுதி இதுல இல்லன்னு சொல்லுது."

"இந்த வில்லையில இல்லையா?"

"எந்த வில்லையிலயும் இல்ல. கைப் பழக்கம் மட்டுந்தானாம். எப்பவுமே வேற ஒண்ணும் இருந்ததில்லையாம்." அவன் கஞ்சியைக் கிளறினான். "அதான் கேக்கேன். நீ எப்படிட்டி ஒங்க அப்பாவுக்குக்கூட அழாம இருந்த?"

ஜெபக்கனி அவனைப் பார்த்தாள். "அப்பம் செவுத்து வில்ல? அச்சத் தணிப்பு?"

"அதுவும் இல்ல." குரலை இன்னும் தாழ்த்தினான். "எனக்கு அங்க காலு கெடந்து ஆடும்ட்டி. ஒவ்வொரு நாளும். ஆம்பளையா இருந்துக்கிட்டு யாருட்டச் சொல்ல? அதுக்குப் பயந்துதான் ஒன் வேலைக்கு வந்தேன். எங்கிட்ட வந்த வில்லைதான் பழுதுன்னு நெனச்சிருந்தேன். ஒனக்கு ஆடலையா?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். மேசைக்கு அடியில் முழங்கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின. அவள் உடையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். அங்கே மோட்டார் எதுவும் இல்லை. கனியாட்டி என்ற அப்பாவின் குரல் கேட்டது. அந்தப் போர்வை, அதில் தான் நீவிவிட்ட சுருக்கம். எதிரே இருந்த கஞ்சி கலங்கித் தெரிந்தது. தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை, சத்தமாகவே வந்தது.

கூடம் திரும்பிப் பார்த்தது. யாரும் எழவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா" என்றாள் தேவகிருபை. "ஒரு பெரிய கீறலப் பாத்ததும் ஆளு ஒடஞ்சிட்டா. இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைகள செவுத்துக்கு அனுப்பக்கூடாதுங்கது."

புளோரா டீச்சர் அவசரமாக அவள் பக்கத்தில் வந்து, முதுகைத் தடவி, காதருகில் குனிந்தார். "ஏட்டி, என்ன இது, சாப்பாட்டு நேரத்துல. எல்லாரும் பாக்காங்க. வில்ல பழுதாயிருக்கும். அதக் கழத்திப் போட்டுரு, சரியாயிரும்."

ஜெபக்கனி கையில் இருந்த சிமிழைத் திறந்து காட்டினாள். டீச்சர் அதற்குள் இருந்த வில்லையைப் பார்த்தார். பிறகு அவள் காதுக்குப் பின்னால் இருந்த வெறும் துளையைப் பார்த்தார்.

"அப்பம் சீக்கிரம் எடுத்துப் போட்டுக்கோ" என்றார்.