சொல்லிக்கொண்டு வந்தவள்

பின் இருக்கையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்திக்கொண்டே இருந்தது. சோபனா திரும்பிப் பார்த்தாள். ஒரு பைகூடக் கிடையாது. இந்தச் சனியனுக்கு வயது போய்விட்டது என்று வைதுகொண்டே, கலைக்கூடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருந்து காரை வெளியே எடுத்தாள். வெளியே மழை. கோடை நேரம் முடிந்து ஊரெல்லாம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய கிழமை அது. டொமினியன் ரோட்டில் கடை விளக்குகள் எரிய, பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோதே பொழுது மங்கத் தொடங்கிவிட்டது.

இந்த இலையுதிர் காலத்துக்காக அவள் காத்திருந்தது கொஞ்சநஞ்சமல்ல. விக்டோரியா மகாராணி காலத்து ஓவியங்கள் இங்கிலாந்திலிருந்து வரப்போகின்றன என்று தை மாதம் அறிவித்ததிலிருந்து அதே பேச்சுத்தான். காவலுக்கு நிற்பவளுக்கு எந்த அறையானால் என்ன என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவளோ மேலாளரை நச்சரித்து அந்த அறையையே கேட்டு வாங்கினாள். படங்களை மாட்டி ஒரு கிழமையாகிறது, சனிக்கிழமை திறப்பு. பெரிய பெரிய படங்களை விட்டுவிட்டு, மூலையில் தொங்கிய சின்னப் படமொன்றில் அவள் மனம் போய் ஒட்டிக்கொண்டது. இடுப்பு வரை முடி அவிழ்ந்து கிடக்க, தடித்த சட்டையோடு சாய்கதிரையில் ஒரு சிறுமி உறங்குகிறாள். மகள் பிரணவியின் வயதுதான் இருக்கும், ஏழு. இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்த பிறகு தங்கியவள் பிரணவி. அவளுக்கு ஏதும் ஆகிவிட்டால் தான் இல்லை என்பது சோபனாவுக்குத் தெரியும். அந்த வயதுப் பிள்ளை எதைக் கண்டாலும் அவள் நெஞ்சு இளகிவிடும். மாலையில் விளக்கை அணைக்கும்போது, வீட்டை விட்டுப் புறப்படும்போது மகளிடம் சொல்வது போலவே, படத்தைப் பார்த்து, "போட்டு வாறன், பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவாள்.

இன்று மத்தியானம், படம் மாட்டும் நரேந்திரன் அந்த மூலைக்கு வெளிச்சம் திருத்த வந்தான். மலேசியாக்காரன், கலகலப்பாகப் பேசுகிறவன். எவ்வளவு அழகாக உறங்குகிறாள் பார் என்று சோபனா காட்டினாள்.

"அது தூங்கலக்கா," என்றான் அவன். "செத்த பிறகு படுக்க வச்சு வரைஞ்சது. அந்தக் காலத்துல அப்படி வரைஞ்சு வீட்ல மாட்டிக்குவாங்க."

ஏணியை மடக்கிக்கொண்டு அவன் போய்விட்டான். சோபனா அந்த மூலையை விட்டு விலகி நின்றாள். செத்தவீட்டிலிருந்து எழும்பும்போது யாராவது போட்டு வாறன் என்பார்களா? வாய் திறக்காமல் வெளியேறி, வீட்டுக்கு வந்ததும் ஒன்றையும் தொடாமல் தலையில் தண்ணீர் வார்த்து முழுகுவார்கள். அவளோ கிழமை முழுக்கச் சொல்லிச் சொல்லி வந்திருக்கிறாள். முழுகவும் இல்லை. அதே கையால் மகளுக்குத் தலைவாரிப் பின்னியும் விட்டிருக்கிறாள். இன்று மட்டும் அந்த மூலைப் பக்கமே பார்க்காமல், பேசாமல் வந்தாள்.

வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பள்ளிக்கூடம் அது; அதன் வாசலில் பிரணவி ஏறினாள். பெல்ட் மாட்டுகிற கிளிக் சத்தம் கேட்டது. உடனே இன்னொரு கிளிக். கார் கத்துவதை நிறுத்தியது. பிள்ளை யன்னலோடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, தள்ளி வசதியாக இரேன் என்று சோபனா சொன்னாள். இடமில்லை என்றாள் பிரணவி, ஆங்கிலத்தில். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஆங்கிலம்தான்.

அதன் பிறகு கண்ணாடியில் பின்னால் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஹீட்டர் சூட்டில் ஒரு வாடை கிளம்பியது. மாலையை இரண்டு நாள் தண்ணீரில் போட்டு வைத்தால் வருமே, அந்த வாடை. முருகா, முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மவுண்ட் ரோஸ்கில் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தினாள். முன்னறையில் கணவன் யசீகரன் போட்டிருந்த டிவி வெளிச்சம் தெரிந்தது. முதலில் பிள்ளைக்கு வார்க்க வேண்டும். பிறகு தான் முழுக வேண்டும். அவ்வளவும் செய்தால் சரியாகிவிடும், சரியாகத்தான் வேண்டும்.

மழை சாத்தியது. காரின் பின்கதவைத் திறந்து, இருட்டில் இறங்கிய சின்னத் தலைமீது தன் கோட்டைப் போர்த்தி, கையைப் பிடித்து வீட்டுப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்வாசலால் நேரே குளியலறை. கதவைச் சாத்தினாள். லைட் சுவிட்சைக்கூடத் தொடவில்லை. கோட்டை உருவி எறிந்து, உடுப்போடேயே பிள்ளையைத் தொட்டிக்குள் நிறுத்தி, பின்னால் முழந்தாளிட்டுச் சுடுதண்ணீரை உச்சந்தலையில் வார்த்தாள். ஆவி எழும்பி, யன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தையும் மறைத்தது.

பிள்ளை அசையவில்லை. கண்ணில் ஒரு துளி பட்டாலே வீட்டை ரெண்டாக்குகிறவள். பயந்துவிட்டாளாக்கும் என்று சோபனாவுக்குப் பாவமாக இருந்தது. ஷாம்பூவை ஊற்றித் தேய்த்தாள். எவ்வளவு வார்த்தும் தலை சூடேறவில்லை. முடி நீண்டுகொண்டே போனது. தோள். முதுகு. இடுப்பு.

பள்ளிக்கூட டீசேர்ட் இல்லை. தடித்த துணி. முதுகு நெடுகச் சின்னச் சின்னப் பொத்தான்கள்.

அவள் விரல்கள் நின்றன.

முன்னறையில் பிரணவியின் குரல். அம்மா எங்கே என்று அப்பாவைக் கேட்டாள். ஆங்கிலத்தில்.

சின்னக் காலடிகள். ஓடி வந்தன. கதவுக்கு வெளியே நின்றன.

சோபனாவின் கைகளுக்குள் இருந்த தலை மெல்லத் திரும்பியது. நுரை வழிந்தது. நுரைக்கு அடியில் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

"அம்மா," என்றது, சோபனாவின் தமிழிலேயே. "அவளை உள்ள விடாதேங்கோ."

ஓடு பிள்ளை என்று கத்த சோபனா வாயெடுத்தாள். குளிர்ந்த சின்ன உள்ளங்கை ஒன்று அந்த வாயை மூடியது.

கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.