ஆடாத மலை

மலைக்கு அடியிலிருந்து நீரை இழுக்கும் நீர்வடிப்பான் ஓடத் தொடங்கி ஆறாவது வருஷம். இமயமலை அடிவாரத்துப் புதுநகரில் நிலநடுக்கம் என்பதையே மறந்திருந்தார்கள். முன்பெல்லாம் மாதம் நாலு தரமாவது அலமாரியிலிருந்து பாத்திரம் உருளும்.

ஒரு நிலத்தட்டின் கீழே இன்னொன்று நுழைவதால்தான் அந்த மலை வளர்கிறது. நுழைகிற இடத்தில், எட்டுக் கிலோமீட்டர் ஆழத்தில், பாறை வெடிப்புகளுக்குள் சுடுநீர் முட்டிக்கொண்டு கிடக்கும். அந்த முட்டலில் பாறை நழுவினால் நடுக்கம். நீரை வடித்துவிட்டால் நடுக்கமும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் ஆச்சு. துளை போட்டவர்கள், ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் பொங்கியண்ணன்.

அன்று பொறியாளர் தேன்மொழி, ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். குறுக்கே வெள்ளைக் கோடுகள்.

"இதென்னம்மிணி, சுண்ணாம்பாட்டம்?"

"வெங்கச்சாங்கல்லுங்கண்ணா, குவார்ட்ஸும்பாங்களே அது. தண்ணியில கரைஞ்சிருந்தது. நாம இழுக்க இழுக்க அங்கயே படிஞ்சு வெடிப்பெல்லாம் அடைஞ்சு போச்சு. மலை பூட்டிக்கிச்சு."

"பூட்டிக்கிட்டா நல்லதுதானுங்களே?"

"பின்னாடியிருந்து நிலத்தட்டு தள்ளுறது நிக்கலீங்களே. முன்ன கொஞ்சங் கொஞ்சமா நவுந்துட்டு இருந்தது. இப்ப அந்தத் தள்ளலை மொத்தமாச் சேத்து வெச்சிருக்குது, ஒரே நாள்ல விட்டா ஊரே தாங்காதுங்க."

"அதுபாட்டுக்கு மூச்சு விட வழியே இல்லீங்களா?"

"சுத்தியும் அறுபது வெந்நீர் ஊத்து இருந்துச்சுங்க."

அந்த ஊற்றுகளை அடைத்தது பொங்கியண்ணன்தான். அடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் கசிகிற தண்ணீர் போர் போட்டவனுக்கு நஷ்டம், அதை சிமெண்டு விட்டு அடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை என்று முப்பது வருஷமாகச் செய்துவந்த வேலை. இங்கேயும் செய்தார்.

"தண்ணியத் திருப்பி உள்ள விட்டா?"

"விட்ட அன்னைக்கே நவுருங்க. எவ்வளவுன்னு சொல்ல முடியாது. ஊரைக் காலி பண்ணிட்டுத்தான் விடோணும்."

பொங்கியண்ணன் நேரே தம்பி நாச்சிமுத்துவிடம் போனார். நாச்சிமுத்து அங்கே நாலு மாடி விடுதி கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தான். சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"அஞ்சு வருசமா டம்ளர்த் தண்ணி ஆடல. வெயில்ல நின்னுட்டயாண்ணா?"

"நெசமாத்தான்டா சொல்றேன்."

"நீ போட்ட போருன்னுதான் நம்பிக் கட்டினேன். இப்ப நீயே வந்து கிளம்புங்கற."

நகர்மன்றத்திலும் அதே பேச்சு. ஆடவே ஆடாத மலையைக் காட்டி ஊரைக் காலி செய்யச் சொன்னால் யார் கேட்பார்கள்?

வெளியே வந்து கடைவீதியில் குந்தினார் பொங்கியண்ணன். உள்ளங்கையைத் தரையில் வைத்தார். ஒரே ஒரு தரம், லேசாக ஆடினால் போதும், பயந்து கிளம்பிவிடுவார்கள். சாமியிடம் இப்படி ஒன்றைக் கேட்க வேண்டிவரும் என்று அவர் நினைத்ததில்லை.

தரை ஆடவில்லை.