இறங்க இறங்க

சிகரத்திலிருந்து இறங்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பிரதான் சாரின் கைக்கடிகாரம் காட்டும் உயரம் இருபது மீட்டர் ஏறியிருந்தது.

"பாத்தியா தம்பி? ஐயாயிரத்து நூத்தி மூணு!"

புர்தெம்பா சிரித்தான். "மேகம் வந்தா அப்படித்தான் சார் காட்டும். காத்தழுத்தம் குறைஞ்சா, நாம ஏறிட்டோம்னு அது நெனச்சுக்கும்."

பதினாறு வருடமாக ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகும் ஷெர்பா அவன். பிரதான் சாரோ காட்மாண்டுவில் கம்பெனி கம்பெனியாகப் போய் ஊக்கம் ஊட்டுபவர். 'உயரம் மனதில் இருக்கிறது' என்று தன் மேற்சட்டையின் முதுகிலேயே அச்சடித்து வைத்திருந்தார். அடிவாரக் கிராமமான திங்போச்சேயில் முதலில் ஒரு நாள் தங்கி, பகலில் அறுநூறு மீட்டர் ஏறி உடம்பைப் பழக்கிவிட்டு, பழைய படுக்கைக்கே திரும்ப வேண்டும் என்று புர்தெம்பா சொன்னபோது, "இதெல்லாம் சவலைப் பசங்களுக்கு" என்றார். அந்த ஊக்கம் சிகரத்தில் மூன்றாவது முறை வீடியோ எடுத்து முடிக்கும்வரை தாங்கியது. பிறகு கல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

இப்போது குடிகாரனைப்போலக் கால் பின்னியது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கஞ்சி கொதிக்கும் சத்தம். புர்தெம்பாவுக்கு அந்தச் சத்தம் தெரியும்; உயரம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்த சத்தம். அதற்கு ஒரே மருந்து, இறங்குவது. இருட்டுவதற்குள் திங்போச்சே விடுதிக்கு இறக்கிவிட்டால் பிழைப்பார், இல்லாவிட்டால் மாட்டார்.

மதிய மேகம் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து வந்து, ஈரத்துணியைப்போல முகத்தில் அப்பி, பாதையைப் பத்தடிக்குச் சுருக்கிவிட்டது. விடுதி அடுப்புகளின் சாண வறட்டிப் புகை மணமும், கழனிகளில் மேயும் யாக் மாடுகளின் கழுத்துமணி ஓசையும் இந்நேரம் கீழேயிருந்து வந்திருக்க வேண்டும். மணி ஓசை வந்தது. ஆனால் அது தலைக்கு மேலிருந்து வந்தது.

"எதிரொலிதான்," என்று சார் கேட்காமலே சொன்னான்.

ஒரு மணி நேரம் இறங்கினார்கள். முழங்கால் இறக்கத்தை உணர்ந்தது. காலுக்கடியில் உருண்ட கூழாங்கல் முன்னோக்கித்தான் ஓடியது. ஆனால் கீழே வந்தால் தரையை ஒட்டி வளர்ந்திருக்கும் தூபச்செடி எங்கும் தென்படவில்லை. கற்களின் மேல் பனிக்கட்டி பளபளத்தது. காலையில் ஏறும்போது இல்லாத பனிக்கட்டி.

"ஐயாயிரத்து எண்ணூறு!" சாரின் உதடுகள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. அந்த உதடுகளால் சிரித்தார். "என் ரெக்கார்டுடா இது! இரு, ஒரு வீடியோ..."

"நடங்க சார்."

"நீ என்னைப் பாத்துப் பொறாமைப்படுறே."

புர்தெம்பா அந்தக் கடிகாரத்தை அவர் மணிக்கட்டிலிருந்து பிடுங்கி மேகத்துக்குள் வீசினான். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"அடப்பாவி! யாரு நம்புவா இனி?" சார் குழந்தையைப்போல அழுதார். தன் உயிருக்காக அவர் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை.

கடிகாரம் போனபின் நுரையீரல் எண்ணத் தொடங்கியது. ஓர் எட்டுக்கு இரண்டு மூச்சு. பிறகு நான்கு. ஆறாயிரத்துக்கு மேல் மூச்சு எப்படிச் சுருங்கும் என்று புர்தெம்பாவின் நெஞ்சுக்கு எந்த எந்திரமும் சொல்ல வேண்டியதில்லை. சாரை முதுகில் தூக்கிக்கொண்டான். யோசித்தான். இறங்கினால் உயர்கிறது என்றால், ஏறினால்?

திரும்பினான். இருபது எட்டு வைத்து ஏறினான்.

காற்று இன்னும் மெலிந்தது.

ஏறினாலும் உயரம். இறங்கினாலும் உயரம். நின்றால் சாவு. மறுபடி இறங்கினான்.

"தம்பி," காதருகே முனகல். "வீட்டுக்கு... கூட்டிட்டுப் போடா."

"வந்துட்டோம் சார். இந்த வளைவுதான்."

வளைவு வந்தது. போனது. இன்னொன்று. மணி ஓசை இல்லை. காற்றும் இல்லை. முதுகில் கஞ்சி கொதித்தது. நின்றது. மறுபடி கொதித்தது. நடந்த நேரத்தைக் கணக்கிட்டால் இன்னும் பட்டப்பகல்தான். மேகத்தின் மேல்பக்கம் கறுத்திருந்தது.

பத்து மூச்சு. ஓர் எட்டு.

மேகம் கிழிந்தது.

விடுதியின் நீலத் தகரக் கூரையைத் தேடிக் குனிந்து பார்த்தான். கீழே, வெகு கீழே, அமா தப்லாம் மலையின் உச்சி கிடந்தது. அதைச் சுற்றி, அண்ணாந்து பார்த்தே அவன் வளர்ந்த சிகரங்கள் எல்லாம் ஆற்றுப்படுகைக் கற்களைப்போலச் சிதறிக் கிடந்தன. தலைக்கு மேல் கறுப்பு வானம். அதில் சூரியனும் நட்சத்திரங்களும் ஒன்றாக.

அவன் காலடியிலிருந்து பாதை, யாக் சாணம் காய்ந்து, பலர் நடந்து தேய்ந்து, இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.