பொட்டு வைத்த வின்ச்சும் பள்ளத்துப் பலாமரமும்

“ஏறுங்க எல்லாரும்!” என்று முழங்கினார் சடையாண்டி.

“எதுலண்ணே ஏற?” என்று கேட்டாள் குருவம்மாள்.

நியாயமான கேள்வி. டிராக்டரில் இருந்தது ஒரே இருக்கை. அதில் சடையாண்டி இருந்தார். பின்னால், வத்தலக்குண்டிலிருந்து வாடகைக்கு வந்த, மரம் இழுக்கும் வின்ச். ஆகவே படை நடந்தது. தளபதி மட்டும் டிராக்டரில் போனார்.

போன புயலில் ஓடைப் பாலத்தின் உத்திரம் ஒன்று முறிந்துவிட்டது. இப்போதைக்கு டிராக்டர் தண்ணீரில் இறங்கி ஏறுகிறது. மழை வலுத்தால் காக்காய்கூட நடந்து கடக்க முடியாது. ஆஸ்பத்திரியோ அக்கரையில். சடையாண்டியின் மனைவி வேலுத்தாய்க்கு இது நிறைமாதம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

அதே புயல், குருவம்மாளின் காப்பித் தோட்டத்துப் பள்ளத்தில் ஒரு பலாமரத்தைச் சாய்த்திருந்தது. உத்திரத்துக்கென்றே வளர்ந்ததுபோல நேரான மரம். அந்தப் புதையலை மேலே இழுக்கத்தான் இந்தப் படையெடுப்பு!

வின்ச் கடையில் சடையாண்டி எட்டு டன் இழுக்கும் பூதத்தைத்தான் கேட்டார்.

“ஒங்க வண்டி எத்தன எச்.பி.?” என்றார் கடைக்காரர்.

“செகப்பு வண்டிங்க.”

கடைக்காரர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். “இதுல பெருச மாட்டுனா முன் சக்கரம் வானத்தப் பாக்கும். மூணு டன் போதும்” என்று சின்னதை மாட்டினார். பிறகு கயிறு, கப்பி, பிளேடு என்று நெடுநேரம் விளக்கினார். சடையாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டினார்.

வீட்டில் வேலுத்தாய் வின்ச்சின் அகலமான இரும்புப் பிளேடுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டாள்.

பள்ளத்தின் விளிம்பில் டிராக்டர் பின்பக்கத்தைப் பள்ளத்துக்குக் காட்டி நின்றது. மச்சினன் கோட்டைச்சாமி பிளேடைப் பார்த்தான். “மாமா, இத மண்ணுல எறக்கணுமோ?”

“பொட்டு வச்ச மொகத்தச் சேத்துல பொதைக்கச் சொல்றியா? மகாலட்சுமிடா மாப்ள!”

கோட்டைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரும்புக் கயிற்றுடன் பள்ளத்தில் இறங்கினான். அடிமரத்தில் சங்கிலியைச் சுற்றி மாட்டிவிட்டு ஒதுங்கினான். சடையாண்டி இருக்கையில் இருந்தபடியே வின்ச்சை இயக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இரும்புக் கயிறு விறைத்தது. மரம் நெருங்கிற்று!

“வருது! வருது!”

“அண்ணே, மரம் வரல! நீங்கதான் போறீங்க!” என்று அலறினாள் குருவம்மாள்.

சடையாண்டி குனிந்து பார்த்தார். முன் சக்கரங்கள் அந்தரத்தில்! பயந்த மனிதன் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பான், அவரும் பிடித்தார். இந்த வின்ச்சோ கையிலிருக்கும் கயிற்றை விட்டால்தான் நிற்கும். பின் சக்கரம் விளிம்பு மண்ணைச் சரித்தது.

“கைய விடுங்கண்ணே!”

“விட்டா விழுந்துருவேனே!”

“விடாட்டிதான் விழுவீங்க!”

விட்டார். எல்லாம் நின்றது. முன் சக்கரங்கள் தொப்பென்று தரையில் விழுந்தன. அவர் இதயம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

“பிளேட எறக்கணும்னு கடைக்காரரு சொன்னாரா மாமா?”

“சொல்லியிருப்பாரு.”

“அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?”

“தலைய ஆட்டுனேன். நான் எல்லாத்துக்கும்தானய்யா ஆட்டுனேன்!”

“புரியலன்னா புரியலன்னு சொன்னா வாயா தேஞ்சுரும்?” என்றாள் குருவம்மாள். அதற்கும் தலையாட்டப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கயிற்றைத் தளர்த்தி டிராக்டரை முன்னால் நகர்த்தினார்கள். மாலையைக் கழற்றி, “மன்னிச்சுக்க தாயி” என்று கும்பிட்டுப் பிளேடை இறக்கினார் சடையாண்டி. அது மண்ணைக் கவ்விக்கொண்டது. இந்த முறை அவர் ஓரமாகத் தரையில் நின்று, இயக்கும் கயிற்றை இழுத்தார். மரம்தான் வந்தது, ஆனால் பாதி வழியில் ஒரு பாறையில் முட்டியது.

“நிறுத்துங்க!” குருவம்மாள் பக்கத்து நாவல் மரத்தைக் காட்டினாள். “அதுல கப்பியக் கட்டினா கோணம் மாறும்.”

நாவல் மரத்தில் அகலமான துணிப்பட்டையைச் சுற்றிக் கப்பியை மாட்டி, கயிற்றை அதன்வழி திருப்பினார்கள். “கயிறு மடங்குற உள்பக்கம் நிக்காத மாப்ள! அந்துச்சுன்னா ஆளையே வெட்டிரும்!” என்று, கடைக்காரர் சொன்னது இப்போதுதான் விளங்கிய சடையாண்டி கத்தினார். கோட்டைச்சாமி தாவி வெளியே வந்தான். பலாமரம் மெல்லத் திரும்பி, பாறையை உரசி, முதல் தூறலில் மேலேறி வந்தது! மூவரும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சடையாண்டி கொஞ்சம் அழவும் செய்தார்.

மறுநாளே உத்திரம் ஏறியது, பலகைகள் பொருந்தின. அந்த வாரமே மழையும் கொட்டியது. ஒரு மத்தியானம் வேலுத்தாய்க்கு வலி கண்டது. ஓடை செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு ஓடியது. அவள் பாலத்தில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். சடையாண்டி பையோடு இக்கரையிலேயே நின்று, எந்தக் காலை முதலில் வைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தார்.

“வர்றீகளா, இல்ல நான் மட்டும் போய்ப் பெத்துட்டு வரவா?”

அவர் ஓடினார். பாலம் அசையவே இல்லை.